இசைக்கவையில் அடங்காத மண்டலங்கள்

எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பித்த ஆசிரியர், பாடத்திட்டத்தில் இல்லாத எதையும் கதவைச் சாத்திவிட்டே தொடங்குவார். அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹபிள் 1926 இல் விண்மீன் மண்டலங்களை வகைப்படுத்திய முறையை அவர் அப்படித்தான் எங்களுக்கு வரைந்து காட்டினார். கிடையாக வைத்த இசைக்கவையின் கைப்பிடியில் நீள்வட்ட மண்டலங்கள், ஒரு புயத்தில் சுருள் மண்டலங்கள், மறு புயத்தில் நடுவே கோல்போன்ற சட்டமுடைய சுருள்கள். எதிலும் சேராதவை கரும்பலகையின் மூலையில் ‘ஒழுங்கற்றவை’ என்ற பெயரோடு ஒரு வெண்கட்டிக் கிறுக்கலாக நின்றன.

ஆசிரியப் பணிக்காகத் தென்னாபிரிக்காவுக்கு வந்தபின், பெரிய தொலைநோக்கி அமைந்துள்ள சதர்லாந்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்றபோது, வெறுங்கண்ணுக்கு முதலில் அகப்பட்டவை அந்த மூலையில் நின்றவையே. அவற்றுள் ஒன்றான பெரிய மகெலன் முகில் யாழ்ப்பாணத்தில் தென்னடிவானிலிருந்து பத்துப் பாகையளவே உயர்வதால் பனைவரிசையே அதை மறைத்துவிடும். சதர்லாந்திலோ அது மறைவதே இல்லை. அது எப்போது கலையும் என்று ஒரு மாணவி கேட்டாள். 160,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலம் அது என்று சொன்னபின்னும் அவள் நெடுநேரம் நம்பவில்லை.

நமது பால்வீதியின் குறுக்களவு ஏறத்தாழ 100,000 ஒளியாண்டு. பெரிய முகில் அதில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாது. ஆயினும், சில ஆயிரம் விண்மீன்களே கொண்ட குறுமண்டலங்களோடு ஒப்பிட்டால் அதுவும் பெரியதே. புத்தகங்களின் அட்டைகளை அழகிய சுருள்கள் பிடித்துக்கொண்டாலும், எண்ணிக்கையில் மிக்கவை குறுமண்டலங்கள்தாம். மறுமுனையில், கன்னி விண்மீன் குழுவின் திசையில் ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம்87 என்னும் நீள்வட்ட மண்டலம், பால்வீதியைப் போலப் பன்மடங்கு நிறையுடையது.

இசைக்கவையை இடமிருந்து வலமாக வளர்ச்சிப் படிகளாக வாசிக்கும் ஆசை எவருக்கும் எழும். நடப்பது பெரும்பாலும் அதற்கு எதிரானது. சுழலும் வாயு தட்டாகப் படிய, அத்தட்டில் சுருட்புயங்கள் தோன்றுகின்றன. அத்தகைய இரு பெரிய மண்டலங்கள் மோதி ஒன்றானால், விண்மீன்களின் பாதைகள் தாறுமாறாகக் கலந்து, தட்டு குலைந்து, நீள்வட்ட வடிவமே எஞ்சுகிறது. வாயு தீர்ந்த இடத்தில் புதிய விண்மீன்கள் பிறப்பதும் அருகிவிடுகிறது. பெரிய, சிறிய மகெலன் முகில்கள் இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்து இழுத்ததில், அவற்றுக்கிடையே வாயுப் பாலமொன்று நீண்டு கிடக்கிறது.

மண்டலங்களின் மோதல் விட்ட தடத்தைக் காட்ட நான் வழக்கமாகத் தொலைநோக்கியைத் திருப்புவது சென்ரோரஸ் ஏ என்னும் மண்டலத்தின் பக்கந்தான். 1834 முதல் 1838 வரை கேப் டவுனில் தங்கியிருந்த ஆங்கில வானியலாளர் ஜோன் ஹேர்ஷலும் அதனை நோக்கினார். ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டுக்கப்பால், விழுங்கப்பட்ட மண்டலமொன்றின் தூசி அதன் ஒளியுடலைக் கருங்கோடாக இரண்டாகப் பிளந்து நிற்பதை, இருண்ட இரவில் நடுத்தரத் தொலைநோக்கியிலும் காணலாம். அதை நீள்வட்டம் என்போரும் உளர், வில்லை வடிவம் என்போரும் உளர். ஆதலால் வினாத்தாளில் அதை நான் கேட்பதில்லை.