மாமாவின் எல்.என். 106-ஐ வீட்டில் வைத்துத் திருத்திய அனுபவம்

வீட்டுக்குள் வைத்துக் கழற்றிப் பூட்டிய எதுவும் என்னை அழவைக்கவில்லை. கேற்றைத் தாண்டி வெளியே அனுப்பிய சாமான்கள்தான் ஒன்று விடாமல் வில்லங்கத்தோடு திரும்பி வந்தன. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட்டால், பழைய ஹைலக்ஸ் ஒன்றைத் தூக்கி நிறுத்த ஆசைப்படும் யாருக்காவது பயன்படும்.

வாகனம் மாமாவுடையது. வவுனியாவில் நெல்லும் உரமும் ஏற்றி ஓடிய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப், மாடல் எல்.என். 106. 3-எல் எஞ்சின், 2.8 லீற்றர் டீசல், டேர்போ கிடையாது. முன்பக்கமும் ஒரே குழாய் அக்சில், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். உடம்பை உலுக்கும், ஆனால் உடைக்க முடியாத சாதி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு பழைய கெப்புகளுக்கு ஏறிய விலை எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும் வரியைப் பார்த்தால் புதியதை நினைக்கவே வேண்டாம். "கொண்டு போ தம்பி, இப்ப அதுக்குள்ள கோழிதான் முட்டை இடுது" என்று மாமா சொன்னார். கரியரில் ஏற்றிக் கொழும்பு வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் ஒழுங்கையில் ஃபிளாட் ஆகாமல் மிஞ்சியிருக்கும் வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. போர்ட்டிக்கோவில் கெப்பை விட்டால் ஆள் சரிந்துதான் உள்ளே போகலாம். பக்கத்து வீட்டில் ரியூஷன் நடக்கும். சுத்தியல் வேலை எல்லாம் வகுப்பு முடிந்தபிறகுதான் என்று மாஸ்டரோடு முதலிலேயே பேசிக்கொண்டேன். அந்தப் பேச்சு இல்லாமல் யாரும் தொடங்காதீர்கள். பொலிஸுக்கு ஒரு அழைப்பு போனால் எல்லாம் நின்றுவிடும்.

இன்னொன்று கடல் காற்று. காலி வீதிக்குக் கடல் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவேண்டும்: இரும்பைப் பளிச்சென்று சுரண்டி வைத்துவிட்டுப் படுத்தால் விடியும்போது மஞ்சள் பூத்திருக்கும். ஒரு நாளில் எவ்வளவுக்குப் பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவை மட்டும் சுரண்டுங்கள். முழு செசியையும், அதாவது அடிச்சட்டத்தையும், ஒரேயடியாகச் சுரண்டச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால் அவர் கண்டிப்பாகக் கடலை விட்டுத் தள்ளி நுகேகொடையிலோ மஹரகமையிலோ இருப்பவர்.

டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், கிளச், பிரேக் குழாய்கள், ஸ்பிரிங் புஷ் எல்லாம் வீட்டிலேயே மாற்றியாயிற்று. சொல்ல ஒன்றுமில்லை, கையேட்டில் உள்ளபடி போனது. ஸ்பிரிங் ஷக்கிள் ஊசிகள் மட்டும் பிடிவாதம் பிடித்தன. காஸ் டோர்ச்சால் சூடு காட்டி, ஆறவிட்டு, திரும்பச் சூடு காட்டி எடுத்தேன். பக்கத்தில் டீசல் வாளி வைத்துக்கொண்டு இதைச் செய்யவேண்டாம்.

முன் அக்சிலுக்குத்தான் நேரம் போனது. சில்லின் உட்புறம் கறுப்பாக வழிந்திருந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அக்சில் குழாயின் வாயில் இருக்கும் ஒயில் சீல் செத்துவிட்டது. டிஃபரன்ஷல் ஒயில், சில்லைத் திருப்பும் மூட்டான நக்கிளுக்குள் இறங்கி, அங்கிருக்கும் கிறீஸைக் கரைத்து, இரண்டும் குழம்பாகி வெளியே வருகிறது. அதை மாற்றவேண்டுமென்றால் ஹப், பெயரிங், ஸ்பிண்டில், பேர்ஃபீல்ட் ஜொயின்ட் எல்லாவற்றையும் கழற்றவேண்டும். பெயரிங் நட்டுக்கு 54 மில்லிமீற்றர் சொக்கட் வேண்டும். நம்மூர் கராஜ்களில் சிசலை வைத்துச் சுத்தியலால் தட்டித்தான் அந்த நட்டைச் சுற்றுவார்கள். மாமாவின் கெப்பில் அந்த நட்டின் மூலைகள் எல்லாம் கடிபட்டு, எது மூலை எது பள்ளம் என்று தெரியாமல் இருந்தது. நட்டைப் புதிதாக வாங்கிப் போட்டேன். சொக்கட்டை ஒரு முறை வாங்கிவிடுங்கள், அது உங்கள் பேரனுக்கும் வரும்.

ஹப் ஸ்டட்களில் கூம்பு வடிவக் கோன் வாஷர் இருக்கும். நட்டைக் கழற்றியதும் ஹப் வரவில்லை என்று நெம்பத் தொடங்கவேண்டாம். பித்தளைத் தண்டொன்றை ஸ்டட்டின் தலையில் வைத்து ஒரு தட்டு, வாஷர் தானாகத் துள்ளி வெளியே வரும். நக்கிளின் மேலும் கீழும் இருக்கும் ஷிம் எனும் மெல்லிய தகடுகளைத் தனித்தனிப் பையில் போட்டு 'இடது மேல்', 'இடது கீழ்' என்று எழுதி வையுங்கள். அவை மாறினால் அக்சில் மையம் தவறும், புது சீல் ஒரு பக்கமாகத் தேயும். நக்கிளைத் திருப்ப எவ்வளவு இழுவை வேண்டும் என்று பார்க்க ஸ்பிரிங் தராசு தேவை. மீன்காரர் கொக்கியில் தொங்கவிடும் தராசே போதும். வெள்ளவத்தைச் சந்தையில் ஒருவரிடம் இரவல் கேட்டேன். எதற்கு என்று விளக்கியபிறகும் அவர் நம்பவில்லை, அதனால் விலைக்கே வாங்கினேன்.

சரி, சீல். முதலில் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில், கண்ணாடி போட்ட பெரிய கடையொன்றில் வாங்கினேன். பெட்டி அசலாக இருந்தது, ஸ்டிக்கர்கூட மின்னியது. போட்டு ஒழுங்கைக்குள் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்ததற்கே திரும்ப வழிந்தது. முழுவதையும் மறுபடி கழற்றி, சீலைத் தூக்கிக்கொண்டு போனால், "விற்ற சாமானைத் திரும்ப எடுக்கமாட்டோம்" என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்கள். அதோடு வெள்ளிக்கிழமை மதியம் வேறு. ஜும்மாவுக்குப் பாதிக் கடைகள் பூட்டு. வெயிலில் நின்றதுதான் மிச்சம். பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் வெள்ளி மதியத்தையும் போயா தினத்தையும் தவிர்த்துவிடுங்கள். சொந்த வாகனத்திலும் போகவேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது, ஓட்டோதான் நல்லது.

தொழுகை முடிந்து கதவு திறந்த சின்னக் கடையொன்றில் இருந்த நானாவிடம் அந்தச் சீலைக் காட்டினேன். விரலால் அதன் உதட்டை மடக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, பெட்டி மட்டும்தான் ஜப்பான்" என்றார். அசல் சீலின் உதடு மடங்கிவிட்டு உடனே நிமிரும், இது மடங்கியது மடங்கியபடி நின்றது. அவர் கொடுத்த சீல் வெறும் பிளாஸ்ரிக் பையில் வந்தது, இன்றுவரை ஒரு சொட்டு இல்லை. அவரே இன்னொன்றும் கேட்டார்: "பிரீதர் பார்த்தீங்களா?" அக்சிலின் மேலே காற்றுப் போக ஒரு சின்ன மூடி இருக்கிறது. சேறு அடைத்திருந்தால் உள்ளே சூடேறும் காற்று வெளியேற வழியில்லாமல் ஒயிலைச் சீல் வழியாகத் தள்ளிவிடும். போய்ப் பார்த்தேன், வவுனியாச் செம்மண் கல்லாக இறுகிக் கிடந்தது. அசல் சீல் போட்டிருந்தாலும் அது ஒழுகியிருக்கும்.

இனி பின்பெட்டி. தகரம் வெட்டி ஒட்ட வீட்டில் வசதி இல்லை, அயலும் தாங்காது. ஆகவே பெட்டியைக் கழற்றி, கொழும்புக்கு வெளியே டிங்கரிங்கும் பெயின்ரும் செய்யும் ஒரு இடத்துக்கு அனுப்பினேன். செசியின் பின்முனையிலும் ஒட்டுவேலை இருந்ததால் கெப்பையும் கூடவே இழுத்துப் போனார்கள். உக்கியதை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் போடுவதாகத்தான் பேச்சு. திரும்பி வந்த பெட்டி முகம் பார்க்கலாம் போல இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துச் சில்லு வளைவில் வைத்தேன், கீழே விழுந்தது. இன்னோர் இடத்தில் வைத்தேன், அங்கும் விழுந்தது. உள்ளே துரு அப்படியே இருக்க, மேலே விரல் தடிப்புக்குப் புட்டிப் பூச்சு. பாஸிடம் கேட்டால், "சேர், இப்ப எல்லாரும் இப்படித்தான் செய்யினம்" என்றார். காசு கொடுப்பதற்கு முன் காந்தம் வையுங்கள். பெயின்ற் அடிப்பதற்கு முன், வெறும் தகரமாக இருக்கும்போதே ஒருமுறை நேரில் போய்ப் படம் எடுப்பது அதைவிட நல்லது. இரண்டாவது இடத்தில் அப்படித்தான் செய்தேன், புட்டியெல்லாம் உரித்து உண்மையான தகரம் ஏறியது.

ஆனால் என்னை உண்மையிலேயே நடுங்கவைத்தது அந்த முதலாவது இடத்தில் நடந்த வேறொன்று. செசி இலக்கம் வலது பக்கம், முன் சில்லுக்கு அருகே சட்டத்தில் அடித்திருக்கும். துருவைக் காட்டிக் கிரைண்டரோடு ஒரு பையன் அதே இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். தற்செயலாக அன்று நான் அங்கே நின்றேன். கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரரும் ஓடி வந்தார். அந்த எழுத்துகள் ஒருமுறை தேய்ந்தால் கெப் அதோடு திருட்டு வாகனம் போலத்தான், எந்தக் காகிதமும் அதைக் காப்பாற்றாது. அனுப்புவதற்கு முன் இலக்கத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுங்கள், படம் எடுங்கள், கிறீஸ் பூசி டேப் சுற்றிவிடுங்கள். வாகனத்தின் அடிப்பக்கத்துக்குத் தார் அடிப்பவரிடமும் அந்த இடத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது பம்ப் ரூம், டீசல் பம்ப் திருத்தும் இடம். டீசல் பம்ப்பின் த்ரொட்டில் தண்டில் ஒழுக்கு. சீல் மாற்றவேண்டிய வேலைதான், ஆனால் அதை வீட்டு மேசையில் செய்யக்கூடாது, அளவுபார்க்கும் மேடை வேண்டும். ஒழுக்கு நின்று வந்தது. கூடவே, நான் கேட்காத ஒரு சேவையும் செய்து தந்தார்கள். "பவர் கொஞ்சம் கூட்டியிருக்கு" என்று பெருமையாகச் சொன்னார்கள். முழுச் சுமைக்கு எவ்வளவு டீசல் போகவேண்டும் என்று கட்டுப்படுத்தும் ஸ்குரூவை உள்ளே திருகியிருக்கிறார்கள். டேர்போ இல்லாத எஞ்சினுக்கு அதற்கேற்ற காற்று எங்கிருந்து வரும்? எரியாத டீசல்தான் கறுப்பாக வரும். வந்தது. புகைப் பரிசோதனையில் மிதித்தவுடன் பின்னால் நின்றவரின் சட்டை நிறம் மாறியது. தோல்வி என்று அச்சடித்துத் தந்தார்கள். சித்தி என்ற சான்றிதழ் இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரம் இல்லை, அந்தப் பத்திரம் இல்லாமல் வீதியில் இறக்க முடியாது.

மறுபடி பம்ப்பைக் கழற்றிக் கொண்டுபோய், பழைய அளவுக்கே வைக்கச் சொல்லி, மேடையில் அளக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். பம்ப்பை யாரிடம் கொடுத்தாலும் அந்த ஸ்குரூவின் மேல் பெயின்ற் கோடு ஒன்று போட்டுப் படம் எடுத்துக் கொடுங்கள். கழற்றும்போது பம்ப்பின் விளிம்பிலும் எஞ்சின் மூடியிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வைத்தால் திரும்பப் பூட்டும்போது டைமிங் தேடி அலையவேண்டாம். பரிசோதனைக்குப் போகுமுன் காற்று வடிகட்டியை மாற்றி, கொஞ்சத் தூரம் ஓடி எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் பரிசோதனைக்கே போகாதீர்கள். அங்கே கடைசி எல்லைவரை மிதிப்பார்கள். பெல்ட் அறுந்தால் இந்த எஞ்சினில் வால்வுகள் பிஸ்டனில் இடிபடும், தலையைக் கழற்றவேண்டிவரும்.

அப்புறம் காகிதம். பெயர் மாற்றத்துக்கு ஆயத்தம் செய்யும்போதுதான் பார்த்தேன், பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் இலக்கம் வேறு, பொனட்டுக்குள் இருப்பது வேறு. மாமா ஒரு காலத்தில் எஞ்சினை மாற்றி ரெக்கண்டிஷன் ஒன்று போட்டிருக்கிறார், யாருக்கும் அறிவிக்கவில்லை. போட்டிருப்பதும் 3-எல் என்பதால் மூன்று தசாப்தங்களாக ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எஞ்சின் மாற்றத்தைப் பதியவேண்டுமென்றால் அது எங்கிருந்து வந்தது என்று காட்டவேண்டும். "பில்லா? அந்தக் காலத்தில யார் பில் வைச்சிருந்தது?" என்றார் மாமா. விற்ற கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. எஞ்சினை விட்டால் காகிதம் ஒத்துவராது, பழைய இலக்கத்தோடு எஞ்சின் தேடினால் அது எப்போதோ இரும்புக்குப் போயிருக்கும். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் காப்பாற்றியது மாமி. பழைய பிஸ்கட் தகரம் ஒன்றுக்குள் உரமானியச் சீட்டு, மின்சாரப் பட்டியல்களோடு அந்தப் பில்லும் மடித்துக் கிடந்தது. எஞ்சின் இலக்கம் கையெழுத்தில், வாசிக்கக்கூடிய அளவில். மாமி சும்மா தரவில்லை. தைப்பொங்கலுக்கு முன் கெப்பை வவுனியாவுக்குக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று நிபந்தனை போட்டார். பில் கையில் கிடைத்தபிறகு மற்றதெல்லாம் வரிசையில் நிற்கிற வேலைதான். பழைய கெப் வாங்குபவர்கள் முற்பணம் கொடுப்பதற்கு முன், டோர்ச் ஒன்றை எடுத்துப் போய் எஞ்சின், செசி இரண்டு இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். நிறத்தையும் பாருங்கள், அதுவும் பதிவில் இருக்கிறது. நான் வெள்ளையை வெள்ளையாகவே விட்டதற்கு அதுதான் காரணம், ரசனை அல்ல.

பொங்கலுக்கு முதல் கிழமை ஏ9 வீதியில் வவுனியாவுக்கு ஓட்டிப் போனேன். ஃபோர் வீலைக் கொழும்பில் சோதிக்க முடியாது. நடுவில் டிஃபரன்ஷல் இல்லாத இந்த வகையைக் காய்ந்த தார் வீதியில் எச்4-இல், அதாவது நாலு சில்லும் இழுக்கும் வேக நிலையில், ஓட்டினால் கியர்களுக்குத்தான் கேடு. மாமாவின் வயலுக்குப் போகும் பாதையில் மழைத் தண்ணீர் நின்றது. இறங்கி முன் சில்லுகளின் இரண்டு ஹப்பையும் லொக்குக்குத் திருப்பி, மெதுவாக இழுக்கும் எல்.4 போட்டேன். சேற்றுக்குள் இறங்கி, சத்தமில்லாமல் மறுகரை ஏறியது. மாமா வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வந்து பெட்டியைத் தட்டிப் பார்த்தார், சில்லுக்குள் எட்டிப் பார்த்தார், கடைசியில் ஸ்டியரிங்குக்குள் கையை விட்டு ஹோர்னை அமத்தினார்.

"முந்தி இதைவிடச் சத்தமா இருந்தது" என்றார்.