நாற்பத்தொரு நாள் சாமி

ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பிரிவில் வேலை. சேர்ந்தது 2006ல், பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, டிப்ளமோ முடித்த கையோடு. எங்கள் செட்டில் ஏழு பேர், ஒரே அறை. பாய் ஏழு, பக்கெட் இரண்டு. யாருக்கு எவ்வளவு சம்பளம் என்ற பேச்சே வராது. எல்லோருக்கும் ஒன்றுதான்.

பிறகு ஏப்ரல் மாதங்கள் வரத் தொடங்கின. ஏப்ரலில் இன்கிரிமென்ட் கடிதம் தருவார்கள். ஒன்று முதல் ஐந்து வரை ரேட்டிங். ஒரு பிரிவில் இத்தனை பேருக்குத்தான் ஐந்து, இத்தனை பேருக்குக் கட்டாயம் இரண்டு என்று பெல் கர்வ் போட்டுப் பிரிப்பார்கள். நான் ஒழுங்காக வேலை செய்தால் மட்டும் போதாது, பக்கத்து மேசைக்காரன் கொஞ்சம் சொதப்பவும் வேண்டும். நாளாக ஆக, அவன் சொதப்பினால் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அந்த ஏழு பேரில் ஒருவன் பாகலூர் சாலையில் ஃபிளாட் வாங்கினான், இன்னொருவன் பிள்ளையைப் பெங்களூரு பள்ளியில் சேர்த்தான். என் ஆல்டோவை நான் குறையாக நினைத்ததே இல்லை. கூரை போட்ட பார்க்கிங் எந்த கிரேடு வரைக்கும் என்று சுற்றறிக்கை வந்த பிறகுதான் அது வெயிலில் நிற்பது கண்ணில் பட்டது.

2012 கார்த்திகையில் முதல்முறை மாலை போட்டேன். பக்தி மட்டும்தான் காரணம் என்றால் அது பொய். அந்த வருடம் எனக்கு இரண்டு கிடைத்திருந்தது. இந்தக் கணக்கெல்லாம் இல்லாத ஏதாவது ஓரிடத்தில் கொஞ்ச நாள் இருந்தால் போதும் என்றிருந்தது.

எங்கள் குழுவின் குருசாமி ஸ்டோர்ஸில் லோடு இறக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி. தேன்கனிக்கோட்டைப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுபவர். அவர் சட்டையின் நிறம் வேறு, அவர் வரும் கேட் வேறு. இருபது வருடத்துக்கு மேல் மலைக்குப் போனவர். பதினெட்டாம் வருடம் தென்னங்கன்று சுமந்து போய் வைத்துவிட்டு வந்தவர். அவர் கையால்தான் எனக்குத் துளசி மாலை விழுந்தது. என் பக்கத்தில் அதே நாள் மாலை போட்டுக்கொண்ட இன்னொரு கன்னிசாமி எங்கள் துணைப் பொது மேலாளர், டிஜிஎம். அந்த இரண்டை எனக்குப் போட்டவரும் அவர்தான்.

மறுநாள் காலை ஸ்டோர்ஸ் வாசலில் டிஜிஎம் அந்த லோடுமேனைப் பார்த்து, "சாமி, சரணம்" என்று குனிந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. சபரிமலையில் பதினெட்டுப் படிக்கு மேலே ‘தத்வமஸி’ என்று எழுதியிருக்கும். நீயே அது என்று பொருள். மாலை போட்டவனையே சாமி என்று கூப்பிடுவதில் இருப்பதும் அதுதான் என்பார்கள். எனக்கு அவ்வளவு தத்துவம் எட்டவில்லை. எல்லோருக்கும் ஒரே பெயர் என்பதே பெரிய விடுதலையாக இருந்தது.

ஒரு சிக்கல், செருப்பு. விரதத்தில் வெறுங்காலோடு இருப்பது வழக்கம். ஷாப் ஃப்ளோரிலோ சேஃப்டி ஷூ இல்லாமல் மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது. இரண்டு இளம் சாமிகள் ஷூ போடமாட்டோம் என்று பாதுகாப்பு அதிகாரியிடம் மல்லுக்கு நின்றார்கள். குருசாமி வந்தார். "ஷூ போட்டுக்கோங்க சாமி. கால்ல இரும்பு விழுந்தா யாரு மலை ஏர்றது?" அத்தோடு முடிந்தது. நான் பார்த்த மேலாளர்களில் அவ்வளவு சீக்கிரம் ஒரு பிரச்சினையை முடித்தவர் யாருமில்லை.

இருமுடி கட்டுகிற இரவு, டிஜிஎம்மின் தேங்காயில் குருசாமி நெய் ஊற்றினார். டிஜிஎம் குருசாமியின் காலில் விழுந்து எழுந்தார். வேனில் தொப்பூர் கணவாய் இறங்கும்போது பின் சீட்டில் இருவரும் ஒரே போர்வையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

(இந்த 41 நாளும் என் மனைவி மூன்றரை மணிக்கு எழுந்து குளித்துச் சமைத்தாள். அவளுக்கு மாலையும் இல்லை, சாமி என்ற பெயரும் இல்லை. இதைப் பல வருடம் கழித்துத்தான் யோசித்தேன்.)

மலையிலிருந்து வந்து மாலை கழற்றிய மறுநாள், ஒரு லோடு தாமதமானது. "எங்கய்யா போனான் அவன்?" என்று டிஜிஎம் கத்தினார். பாலட் பின்னாலிருந்து "சார்" என்று வந்து நின்றார் அவர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மதியம் கேன்டீனில் போய், "சாமி, நீங்க ஒண்ணும் நினைக்கலையா?" என்று கேட்டேன். சுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "சாமின்னு கூப்பிடாதீங்க சார். பசங்க கிண்டல் பண்றாங்க. கான்ட்ராக்டர் காதுல விழுந்தா, ஸ்டாஃபோட ரொம்ப ஒட்டுறான்னு வேற யூனிட்டுக்கு மாத்திடுவான்."

மரியாதை கொடுக்கிறேன் என்று நான் போனது அவர் வேலைக்கு உலை வைக்கும் காரியமாக இருந்தது.

வருடங்கள் ஓடின. 2020லும் 2021லும் கொரோனாவால் போகவில்லை. குழு பெரிதானது, நூறு பேரைத் தாண்டியது. வேன் போய் ஏசி பஸ் வந்தது. வீட்டுப் பஜனை முறை வைத்து நடக்கும். முதலில் சுண்டலும் பொங்கலும்தான். ஒருவர் பிரிஞ்சி போட்டார், அடுத்தவர் ஏழு வகை வைத்தார், அதற்கடுத்தவர் பெங்களூரிலிருந்து பாட்டுக் குழுவைக் கூட்டிவந்தார். ஃபிளெக்ஸில் யார் படம் எந்த வரிசையில் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் சண்டை. ஏப்ரல் மாதம் கார்த்திகைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. எத்தனாவது மலை என்பது கிரேடு மாதிரி ஆனது. மூன்றாவது மலைக்காரர் கன்னிசாமிக்கு விரத விதிகளை வகுப்பெடுப்பார். யாரைச் சொல்கிறேன்? மூன்றாவது வருடத்தில் நானும் எடுத்திருக்கிறேன்.

குருசாமி மட்டும் பஜனை முடிந்ததும் பின்கட்டுக்குப் போய் அண்டா தேய்க்க உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை நானும் போய் உட்கார்ந்தேன். தேங்காய் நாரை நீட்டினார், சாம்பலைத் தள்ளிவைத்தார். முன்னறையில் மைக்கில் நன்கொடையாளர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அண்டாவைக் கவிழ்த்து, அடியில் ஒட்டிய கரியைக் காட்டி, "இங்க அழுத்தித் தேய்ங்க சாமி" என்றார். முக்கால் மணி நேரம் அதைத் தவிர வேறு பேச்சில்லை. நான் தேடி வந்த இடம் அந்தப் பின்கட்டாகத்தான் இருக்க வேண்டும். இப்போதெல்லாம் பஜனைக்குப் போனால் நேராக அங்கேதான் போகிறேன்.

2024 கார்த்திகையில் மாலை போடும்போது ஒரு முடிவெடுத்தேன். ஃபிளெக்ஸில் என் படம் வேண்டாம், எத்தனாவது மலை என்று யாரிடமும் வாயைத் திறப்பதில்லை. மறுநாள் காலை கேட்டில் பையைச் சோதித்த செக்யூரிட்டி, புதுப் பையன், மாலையைப் பார்த்துக் கும்பிட்டான்.

"எத்தனாவது மலை சாமி?"

"பதினொண்ணு" என்றேன். சொன்ன பிறகு, "நடுவுல ரெண்டு வருஷம் கொரோனா. இல்லன்னா பதிமூணு" என்றும் சேர்த்துச் சொன்னேன்.