டெல்டா களிமண்ணில் கடல் டயாட்டம்: பார்க்கவும் படம் எடுக்கவும் சில குறிப்புகள்

தாவரவியலிலோ நிலவியலிலோ முதுநிலை படிப்பவர்கள் புராஜெக்ட்டுக்கு டயாட்டம் (சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒரு செல் பாசி) எடுத்ததும் முதலில் கேட்பது கேமராவைப் பற்றித்தான். எத்தனை மெகாபிக்சல், எந்த கம்பெனி என்று. நான் கடைசியாகக் கவலைப்பட்டது அதைப் பற்றித்தான். படத்தைப் பார்த்து இன்ன இனம் என்று அடுத்தவர் சொல்ல முடிய வேண்டும். அதற்கு ஸ்லைடு சரியாக இருக்க வேண்டும். ஒரே டயாட்டம் ஓட்டினை இரண்டு மூன்று ஃபோகஸில் எடுத்திருக்க வேண்டும். மீதி எல்லாம் பிறகு.

நான் பார்த்தது வேதாரண்யம் பக்கத்துச் சாம்பல் நிறக் களிமண். சுமார் 6000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய கரையைத் தாண்டி உள்ளே வந்திருந்த பகுதி அது. போர்வெல் போடும் இடத்தில் மண் சுலபமாகக் கிடைக்கும், பழகிக்கொள்ள அது போதும். ஆனால் மேல் மண்ணும் கீழ் மண்ணும் கலந்துதான் வெளியே வரும். எந்த ஆழத்தில் என்ன இருந்தது என்று எழுதப் போகிறீர்கள் என்றால் கை ஆகரால் (கையால் திருகி மண் எடுக்கும் கருவி) எடுத்த மண்தான் வேண்டும்.

டயாட்டம் ஓடு சிலிக்காவால் ஆனது, லேபில் வழக்கமாகப் பயன்படும் அமிலங்களில் கரையாது. அதனால் முதலில் 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கிளிஞ்சல் துண்டுகளைக் கரைத்துக் கழுவிவிடலாம். அடுத்து 30% ஹைட்ரஜன் பெராக்சைடு, மட்கிய பொருளை எரித்துவிடும். முத்துப்பேட்டை அலையாத்திச் சேறு மாதிரி மக்கு நிறைந்த மண்ணில் இது சட்டென்று பொங்கி வழியும். பெரிய பீக்கரில், ஃப்யூம் ஹூடுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் லேப் அறை), கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். கையுறையும் கண் கவசமும் கட்டாயம்.

பிறகு தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். ஒரு சென்டிமீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் படிய விட்டு மேல்நீரை இறுத்துவிடலாம். இதற்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான். நம் ஊர் வாய்க்கால் தண்ணீரிலும் மாடித் தொட்டித் தண்ணீரிலும் நன்னீர் டயாட்டம் இருக்கும். அது சாம்பிளில் கலந்தால், பழைய கடல் படிவில் ஆற்று நீர் புகுந்த அடையாளம் என்று நாமே எழுதி வைத்துவிடுவோம்.

ஸ்லைடு ஒட்டும் பசைக்கு வருவோம். சிலிக்காவின் ஒளிவிலகல் எண் சுமார் 1.43. கிளிசரினுக்கு 1.47. இரண்டும் நெருக்கமாக இருப்பதால் ஓடு கண்ணுக்கே தெரியாமல் கரைந்துபோனது போல இருக்கும். கல்லூரி லேபில் வழக்கமாக இருக்கும் டிபிஎக்ஸ் 1.52. தடித்த ஓடுகள் அதில் தெரியும், நுண்வரிகள் மங்கிவிடும். நாஃப்ராக்ஸ் போன்ற 1.7க்கு மேல் உள்ள பசையில் ஒட்டிய ஸ்லைடைப் பாருங்கள். அதே மைக்ரோஸ்கோப்தானா என்று தோன்றும். விலை அதிகம்தான், ஆனால் பக்கத்துக் கல்லூரி மாணவர்களோடு பங்கு போட்டு வாங்கலாம். கவர் ஸ்லிப் 0.17 மி.மீ. தடிமன் உள்ளதாக இருக்கட்டும், லென்ஸ்கள் அந்தக் கணக்கில்தான் செய்யப்படுகின்றன.

இனி பார்ப்பது. 100 மடங்கு ஆயில் லென்ஸில் ஃபோகஸ் நிற்கும் ஆழம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஆக்டினோப்டைகஸ் செனாரியஸ் என்று ஒரு வட்ட டயாட்டம் உண்டு. ஆறு பிரிவுகள், ஒன்று மேடு, அடுத்தது பள்ளம். ஒரு ஃபோகஸில் மூன்று பிரிவுகள் மட்டும் தெளிவாக நிற்கும். ஃபைன் திருகை மெல்லத் திருப்புங்கள், அவை மங்கி மற்ற மூன்றும் எழுந்து வரும். கழிமுகங்களில் நிறையக் கிடைக்கும் சைக்ளோடெல்லா ஸ்ட்ரையேட்டாவிலும் இப்படித்தான்: நடுப்பகுதியில் ஒரு பாதி மேடு, ஒரு பாதி பள்ளம். இதை ஒரே படத்தில் காட்ட முடியாது. மேல் ஃபோகஸ், நடு, கீழ் என்று தனித்தனியாக எடுத்து, எண் போட்டு, அதே வரிசையில் வையுங்கள். ஸ்டாக்கிங் மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து அழகான படம் தரும், ஆனால் எது மேடு எது பள்ளம் என்ற செய்தி அதில் போய்விடும். அட்டைப்படத்துக்கு அது இருக்கட்டும், மூலப் படங்களை அழிக்க வேண்டாம்.

வெளிவடிவத்தை வைத்துப் பெயர் சொல்லிவிடாதீர்கள். வட்டமாக இருப்பதெல்லாம் காசினோடிஸ்கஸ் இல்லை. 10 மைக்ரானுக்கு எத்தனை வரி, எத்தனை குழி என்று எண்ணுங்கள். ட்ரைசெரேஷியம் ஃபேவஸ் மாதிரி முக்கோணமும் தேனடைக் கண்களுமாக வருவதைப் பார்த்த உடனே சொல்லலாம், அது விதிவிலக்கு. பெயர்களும் மாறுகின்றன, பழைய நூலில் மெலோசிரா சல்கேட்டா என்று இருப்பது இன்று பரேலியா சல்கேட்டா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டி. வி. தேசிகாச்சாரி 1980களில் கொண்டுவந்த டயாட்டம் அட்லஸ் நூலகத்தில் இருந்தால் விடாதீர்கள். நம் கடல் பகுதி இனங்களின் படங்களோடு நம் படங்களை நேராக ஒப்பிடலாம்.

இன்னொன்று: மண்ணுக்குள் கிடக்கும்போது மெல்லிய ஓடுகள் கரைந்து, பரேலியா, டிப்ளோனிஸ் போன்ற தடித்தவை மிஞ்சும். ஒரு இனம் காணவில்லை என்பதற்காக அது அன்று அங்கே வாழவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

வெளிச்சத்தில் பச்சை ஃபில்டர் போடுங்கள், சாதாரண அக்ரோமேட் லென்ஸில் கூர்மை உடனே கூடும். என்.ஏ. (லென்ஸ் எவ்வளவு அகலமாக ஒளியை வாங்குகிறது என்பதைக் காட்டும் எண்) 1.25 உள்ள லென்ஸில் பச்சை ஒளிக்குப் பிரித்துக் காட்டும் எல்லை ஏறத்தாழ 0.27 மைக்ரான். அதற்கும் நெருங்கிய வரிகளை எந்த கேமராவும் காட்டாது. ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் டயஃப்ரத்தை ரொம்ப மூடினால் கான்ட்ராஸ்ட் கூடும், கூடவே இல்லாத புள்ளிகளும் தோன்றும். லென்ஸ் துளையில் முக்கால் அளவு திறந்திருந்தால் நல்லது. செல்போனை ஐபீஸில் வைத்து எடுத்தாலும் தவறில்லை. ஜூமைத் தொடாமல் எடுங்கள், ஸ்டேஜ் மைக்ரோமீட்டரையும் (நுண்ணிய அளவுக்கோடுகள் பொறித்த ஸ்லைடு) அதே நிலையில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அதிலிருந்து அளவுகோல் கோடு போட்டுவிடலாம். "1000 மடங்கு" என்று படத்தின் கீழ் எழுதுவதில் பயனில்லை, அச்சில் படம் சுருங்கினால் அந்த எண் பொய்யாகிவிடும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளித் தேர்வாளர் படத்தைக் காட்டி, "இந்த டயாட்டத்தை இப்போது ஸ்லைடில் காட்டுங்கள்" என்று கேட்கலாம். அதனால் படம் எடுத்த கையோடு ஸ்லைடு நிற்கும் இடத்தைக் காட்டும் ஸ்டேஜ் வெர்னியரின் இரண்டு எண்களையும் ஸ்லைடு எண்ணையும் லேபிள் எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் ரெக்கார்டில் எழுதிவிடுங்கள். வேறு மைக்ரோஸ்கோப்பில் அந்த எண்கள் பொருந்தாது; எந்த மைக்ரோஸ்கோப் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.