21 சதவீதமா, 28 சதவீதமா?

போன வாரம் எங்கள் லேபில் ஒரே ஒரு எண்ணோடு மல்லுக்கட்டினோம். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் தோரியம் எவ்வளவு என்று அளக்க வேண்டும், அதற்கு முன்னால் எங்கள் 2 அங்குல சோடியம் அயோடைடு டிடெக்டரின் எஃபிஷியன்சி, அதாவது காமா கதிர்களில் எத்தனை சதவீதத்தை அது பிடித்து எண்ணுகிறது என்பது, தெரிய வேண்டும். அதற்காக அளவு தெரிந்த சீசியம்-137 கதிரியக்க சோர்ஸ் ஒன்றை அதன் முன்னால் வைத்து எண்ணினோம். களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மாணவி கணக்குப் போட்டுவிட்டு முகம் வாடி வந்தாள். "சார், 21 சதவீதம்தான் வருது. கிரிஸ்டல் போயிருச்சோ?"

ஈரம் பட்டால் டிடெக்டருக்குள் இருக்கும் அந்த சோடியம் அயோடைடு கிரிஸ்டல் கெடும், உண்மைதான். ஆனால் கெட்டிருந்தால் சீசியம்-137இன் 662 பீக் (662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் காமா எண்ணிக்கை குவியும் முகடு) அகலமாகிச் சரிந்திருக்கும். எங்களுக்கு அகலம் 7 சதவீதத்துக்குள்தான் இருந்தது. அப்போ தப்பு கணக்கில்.

சோர்ஸ் மேல் 37,000 பெக்கரல் (விநாடிக்கு 37,000 சிதைவு) என்று எழுதியிருக்கிறது, அவளும் அதையே போட்டுவிட்டாள். வாங்கி 12 வருஷமாகிறது. சீசியத்தின் அரை ஆயுள் சுமார் 30 வருஷம் என்பதால் இப்போது மிச்சம் ஏறக்குறைய 28,000தான். 100 சிதைவுக்கு 85 காமாதான் வெளியே வரும், ஆக விநாடிக்குச் சுமார் 23,900. இவை எல்லாத் திசையிலும் பறக்கும், கிரிஸ்டல் முகத்தில் விழுவது எத்தனை? தூரத்தின் வர்க்கத்தோடு ஆரத்தின் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து, அதால் தூரத்தை வகுத்து, வந்ததை 1இலிருந்து கழித்துப் பாதியாக்கினால் அந்தப் பங்கு கிடைக்கும். 10 செ.மீ. தூரத்துக்கு அது 1.54 சதவீதம். 10 நிமிடத்தில் சுமார் 2,20,000 காமா. பீக்கில் நாங்கள் எண்ணியது 61,000. வகுத்தால் 28 சதவீதம்! அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

இதையே சோர்ஸ் வெளியிட்ட மொத்தக் காமாவால் வகுத்தால் 0.43 சதவீதம்தான் வரும். இரண்டும் எஃபிஷியன்சிதான், எதை எதால் வகுத்தோம் என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதி வைப்பது பெரிய தப்பு.

அப்புறம் தூரம். அலுமினிய மூடியிலிருந்து அளந்தோம், கிரிஸ்டல் அதற்குள்ளே கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். 5 மி.மீ. உள்ளே இருந்தால்கூட 1.54 என்பது 1.40 ஆகிவிடும், 28 சதவீதம் 30ஐத் தாண்டிவிடும். 61,000 கவுண்டில் புள்ளியியல் பிழை அரை சதவீதம்கூட இல்லை, அரை செ.மீ.யோ விடையையே நகர்த்திவிடுகிறது. அதனால் ஸ்கேலைக் கவனமாகப் பிடியுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன்.

நம்ம ஊரில் இன்னொன்றும் உண்டு. மணலில் தோரியம் இருப்பதால் பின்னணியே அதிகம். தோரியத்தின் சிதைவு வரிசையில் வரும் தாலியம்-208இன் 583 பீக் சீசியத்தின் இடது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், அதன் 2614 காமா சிதறி அடியில் ஒரு மேடு போடும். சோர்ஸை எடுத்துவிட்டு, வேறு எதையும் அசைக்காமல், அதே 10 நிமிடம் எண்ணிக் கழித்த பிறகு வந்ததுதான் அந்த 61,000.

சரி, இந்த 28 சதவீதத்தை வைத்து மணலை அளக்கலாமா? முடியாது. இது புள்ளி மாதிரியான சோர்ஸுக்கு, அதுவும் 662க்கு மட்டும் வந்த எண். டப்பா நிறைய மணலில் காமா பாதியிலேயே மணலுக்குள் மாட்டிக்கொள்ளும், தூரமும் ஒன்றாக இருக்காது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆர்ஜிடிஹெச்-1 என்ற, தோரிய அளவு முன்பே தெரிந்த பொடியை அதே டப்பாவில் அதே உயரத்துக்கு நிரப்பி 2614 பீக்கை எண்ண வேண்டும். டப்பாவில் எதுவரை நிரப்புவது என்று அவள் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.