வெண்புரைச் சத்திரசிகிச்சை: அளவெடுப்பதிலிருந்து கடைசித் துளிமருந்து வரை

தியேட்டருக்குள் செலவாவது பெரும்பாலும் இருபது நிமிடம்தான். அம்மாவின் இரண்டு கண்ணுக்கும் கொழும்பில் வெண்புரை எடுப்பித்த பிறகு சொல்கிறேன்: பார்வை எப்படி வரும் என்பதில் பெரும்பங்கு அதற்கு முன்பே, கண்ணை அளக்கிற சின்ன அறையில் முடிவாகிவிடுகிறது. லிப்டன் சுற்றுவட்டத்துக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனாலும் தனியாருக்குப் போனாலும் இந்தப் படியைத் தாண்ட முடியாது.

கண்ணின் நீளம் சராசரியாக 23.5 மி.மீ. அதில் 1 மி.மீ. பிழைத்தால், புரை விழுந்த வில்லைக்குப் பதிலாக வைக்கப்போகும் செயற்கை வில்லையின் பவர் 2.5 முதல் 3 டயொப்டர் (வில்லையின் பவரை அளக்கும் அலகு) வரை பிழைத்துப்போகும். ஒளியால் அளக்கும் மெஷின் கண்ணைத் தொடாது. நாடியைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டியில் ஒட்டி, "உள்ளுக்குத் தெரியிற வெளிச்சத்தையே பாருங்கோ அம்மா, இமைச்சுப்போட்டுப் பெரிசாத் திறவுங்கோ" என்பார்கள். அவ்வளவுதான். புரை முற்றி வெள்ளையாகிவிட்டால் ஒளி ஊடுருவாது. கண்ணின் முன்புறத் தெளிவான படலமான கருவிழியில் கருவியின் முனையை வைத்து அல்ட்ராசவுண்டால் அளக்க வேண்டும். அந்த முனை கொஞ்சம் அழுத்தினாலே நீளம் குறைவாகக் காட்டும், வில்லை பவர் கூடிப்போகும், பிறகு தூரப்பார்வை மங்கும். ஆகவே முற்றும்வரை காத்திருக்க வேண்டாம். கண் அழுத்தம் பார்ப்பதையும் விறைப்புத் துளி விடுவதையும் அளவெடுத்த பிறகு செய்யச் சொல்லுங்கள். இரண்டும் கருவிழியின் வளைவு அளவைக் குழப்பும். இரண்டு கண்ணின் நீளத்திலும் 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் திரும்ப அளக்கக் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதன்முதல் வைத்த வில்லையே இந்தப் பிழைக்குச் சாட்சி. இரண்டாம் உலக யுத்தத்தில் விமானிகளின் கண்ணுக்குள் சிதறிய பேர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) துண்டுகளைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்று கவனித்த ஆங்கிலேயக் கண் வைத்தியர் ஹரோல்ட் ரிட்லி, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அதே பொருளில் செய்த வில்லையை வைத்தார். வில்லையைக் கண் ஏற்றுக்கொண்டது. ஆனால் பவர் மிக அதிகமாகிக் கடும் கிட்டப்பார்வை வந்தது. அக்காலப் பெரிய கண் வைத்தியர்கள் பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். 'சேர்' பட்டம் 2000இல்தான் கிடைத்தது. அவர் விடாமல் நின்றதால்தான் சோடாப் போத்தல் அடிபோன்ற கண்ணாடி இல்லாமல் அம்மா இன்று பேப்பர் வாசிக்கிறார்.

வெட்டைச் சிறிதாக்கியவர் நியூயோர்க்கின் கண் வைத்தியர் சார்ள்ஸ் கெல்மன். பல் வைத்தியரின் அல்ட்ராசோனிக் கருவியைப் பார்த்து, 1967இல் புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். 10 மி.மீ.க்கு மேல் வெட்டித் தையல் போட்ட இடத்தில் இன்று 2.2 முதல் 2.8 மி.மீ. போதும். மிகக் கடினமான புரைக்கு, 6 மி.மீ. அளவில் சுரங்கம்போல் வெட்டிக் கையால் எடுக்கும் முறையும் உண்டு. அதைத் தரக்குறைவு என்று நினைக்க வேண்டாம்.

குளிசைப் பட்டியலை முழுதாகக் கொண்டுபோங்கள். சிறுநீர்ப் பிரச்சினைக்கு ஆண்கள் எடுக்கும் டம்சுலோசினைச் சொல்ல மறக்கவே கூடாது. அது கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையான கதிராளியைத் தளர்த்திவிடும். சத்திரசிகிச்சையின்போது கண்மணி சுருங்கும், அந்தத் திரை துவளும். நிறுத்தினாலும் விளைவு போகாது. முன்கூட்டித் தெரிந்தால் டொக்டர் அதற்கான மருந்தையும் கொக்கிகளையும் ஆயத்தமாக வைப்பார். அஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சத்திரசிகிச்சை அன்றைக்குக் கண்ணுக்குள் 5% பொவிடோன் அயடின் விட்டுச் சில நிமிடம் விடுவார்கள். கிருமிக்கு எதிரான பெரிய காவல் அதுதான். இருமல் வந்தால் முதலில் வாயால் சொல்லுங்கள், பிறகு இருமுங்கள். வில்லை தங்கும் பையின் பின்சுவர் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நாலு பங்குதான் தடிப்பு. அது கிழிந்தால் வேலை நீளும், வில்லையை வேறிடத்தில் வைக்க நேரும்.

வீட்டில் துளிமருந்து. இரண்டு மருந்துக்கும் நடுவே ஐந்து நிமிட இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். போத்தல் முனை இமைமயிரில் படக்கூடாது. விட்ட பிறகு மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்துங்கள். முதல் வாரத்தில் நோவு கூடி, கண் சிவந்து, பார்வை குறைந்தால் விடியும்வரை பார்க்காமல் உடனே போக வேண்டும். கண்ணுக்குள் கிருமி என்றால் மணித்தியாலங்கள்கூடக் கணக்கு. மாதங்களோ வருடங்களோ கழித்து மங்கினால் பெரும்பாலும் வில்லை தங்கும் பையின் பின்சுவர் கலங்கியிருக்கும். யாக் லேசர் போதும், திரும்ப வெட்டத் தேவையில்லை.

வில்லையின் பவர் உள்ள ஸ்டிக்கரை கிளினிக் கொப்பியில் ஒட்டச் சொல்லி, போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். மற்றக் கண்ணுக்கு வில்லை தெரிவு செய்யும்போது, முதல் கண் எதிர்பார்த்த பவருக்கு வந்ததா என்று டொக்டர் முதலில் பார்ப்பது அதைத்தான்.