லக்சர் டே ட்ரிப்: கல்லறைக்கு ஒரு மணி நேரம், கல் கடைக்கு முக்கால் மணி நேரம்!

எகிப்துல லக்சர் பார்த்துட்டு, நேத்து ராத்திரி பதினோரு மணிக்குத்தான் செங்கடல் ஓரத்துல இருக்குற ஹுர்காடா ரூமுக்கு வந்து விழுந்தோம், கால் ரெண்டும் இன்னும் வலிக்குது, ஆனா இப்பவே எழுதலன்னா கோவமும் போயிரும் பார்த்த கலரும் மறந்துரும்னு உட்கார்ந்துட்டேன்.

நானும் தம்பியும் போனோம். தலைக்கு 70 டாலர், என்ட்ரி டிக்கெட், மதிய சாப்பாடு, கைடு எல்லாம் சேர்த்துன்னு சொன்னாங்க. காலைல நாலரை மணிக்கு பஸ். ஏசி பெரிய பஸ்னு காட்டின போட்டோ ஒண்ணு, வந்து நின்ன வண்டி வேற. என் சீட் பின்னாடி சாயவே இல்ல, முன்னாடி சீட்காரர் மட்டும் முழுசா சாஞ்சு என் முட்டியில படுத்துக்கிட்டார், ஏசி தண்ணி சொட்டு சொட்டா தம்பி தோள்ல விழுது, டிரைவர்கிட்ட சொன்னா ஒரு டிஷ்யூ பாக்கெட்டை நீட்டுறார். நாலு மணி நேரம் இப்படியே. தண்ணி பாட்டில் கூட வண்டியில வாங்கினா கடை விலையை விட மூணு மடங்கு. தயவுசெஞ்சு முந்தின நாளே கடையில வாங்கி வச்சுக்கோங்க.

சஃபாகா வரைக்கும் செங்கடல் ஓரமா போய், அப்புறம் பாலைவனத்துக்குள்ள திரும்பி கெனா பக்கம் போகுது ரோடு. சஃபாகால திரும்பாம அதே கடற்கரையில இன்னும் தெற்கே போனா குசேர். அங்கதான் கண்ணன், சாத்தன்னு தமிழ் பிராமியில பேர் எழுதின பானை ஓடு கிடைச்சுது, இன்னொரு ஓட்டுல ‘பானை ஒறி’ன்னு இருக்கு, அதாவது உறியில தொங்கவிடுற பானை. கிட்டத்தட்ட 2000 வருஷம் முன்னாடி நம்மாளுங்க கப்பல்ல வந்து இறங்கின துறைமுகம்! சரக்கெல்லாம் இறக்கி, இதே மாதிரி பாலைவனத்தை ஒட்டகத்துல கடந்து நைல் நதிக்குக் கொண்டுபோனாங்க. தம்பிகிட்ட சொன்னேன், அதுக்கப்புறம் அவனும் தூங்கல, ஜன்னல் வழியா அந்த மொட்டை மலைகளையே பார்த்துட்டு வந்தான்.

லக்சர்ல முதல்ல கர்னாக் கோயில். 134 தூண் நிக்குற அந்த மண்டபம் இருக்கே, நடுவுல இருக்குற 12 தூணும் 21 மீட்டர் உயரம், கழுத்து வலிக்குற வரைக்கும் அண்ணாந்து பாருங்க, ஏன்னா வெயிலும் மணலும் படாத மேல் உத்தரத்தோட அடிப்பக்கத்துலதான் நீலமும் சிவப்பும் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. எங்க கைடு படிச்சவர், பொறுமையா சொல்றார், அவர் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. குறை எல்லாம் ப்ரோக்ராம் போட்டவங்க மேலதான்.

பின்ன என்ன, அடுத்து நேரா ஒரு அலபாஸ்டர் கல் கடை! வாசல்ல நாலு பேர் கல்லைத் தேய்ச்சுக் காட்டுறாங்க, உள்ள கூட்டிட்டுப் போய் ஒரு ஜாடிக்குள்ள லைட்டைப் போட்டு வெளிச்சம் வெளிய தெரியுது பாருங்கன்னு சொல்லி 2000 எகிப்து பவுண்டுல ஆரம்பிச்சாங்க. வேண்டாம்னு நகர நகர 1200, 800, கடைசியா கதவுகிட்ட 350. முழுசா முக்கால் மணி நேரம் போச்சு. யாரும் ஒண்ணும் வாங்கலன்னாலும் வண்டி கிளம்பாது.

சாப்பாடு மட்டும் நான் நினைக்கவே இல்ல, அவ்வளவு ருசி. மண் சட்டியில கொதிக்கக் கொதிக்க பாமியான்னு கொண்டு வந்தாங்க, நம்ம வெண்டைக்காதான், பிஞ்சா பொறுக்கி தக்காளி, பூண்டு, கொத்தமல்லி போட்டு வழவழப்பே இல்லாம செஞ்சிருக்காங்க. கூட உப்பலா சுட்ட பலதி ரொட்டி. பிச்சு பிச்சு சட்டியை வழிச்சு சாப்பிட்டு இன்னொரு ரொட்டி கேட்டேன், சிரிச்சுக்கிட்டே மூணு வச்சுட்டுப் போனார். ஜூஸ், டீக்கு மட்டும் தனி காசு.

ராஜாக்கள் பள்ளத்தாக்குக்கு வரும்போது மணி ரெண்டு. வெயில் பாறையில பட்டு மூஞ்சில அடிக்குது. ஒரு டிக்கெட்டுக்கு மூணு கல்லறை பார்க்கலாம், எங்களுக்குக் குடுத்ததோ ஒரே ஒரு மணி நேரம்! கைடு உள்ள வந்து பேசக் கூடாது, வெளியவே படம் காட்டி சொல்லி அனுப்பிடுவார். துட்டன்காமுன், முதலாம் சேத்தி, ஆறாம் ராம்செஸ் இந்த மூணு ராஜாக்களோட கல்லறைக்கும் தனி டிக்கெட். சேத்தி டிக்கெட் பொது டிக்கெட்டை விட ரெண்டு மடங்குக்கும் மேல, எங்க பட்ஜெட்டுக்கு ஆகல. ராம்செஸ் பரவால்ல, ஆனா கவுன்டர்ல கேஷ் வாங்க மாட்டேங்குறாங்க, கார்டு மட்டும்தான். நான் யோசிச்சு நிக்க, "அக்கா விடு, இவ்வளவு தூரம் வந்துட்டு"ன்னு தம்பி கார்டை நீட்டிட்டான்.

மூணாம் ராம்செஸ் கல்லறையில பாதி வழியில நடை சட்டுனு வலது பக்கமா ஒதுங்கும். குடைஞ்சுட்டே போனவங்க பக்கத்துல இருந்த அமென்மெசேங்குற ராஜாவோட கல்லறைக்குள்ள இடிச்சுட்டாங்க, அதான் ஒதுக்கிக் குடைஞ்சு தொடர்ந்திருக்காங்க. 3000 வருஷம் முன்னாடி உளி பிடிச்சவன் அங்க எப்படி திடுக்கிட்டிருப்பான்!

ஆறாம் ராம்செஸ்ல நான் அழுதுட்டேன். கீழ கடைசி அறையில அண்ணாந்து பார்த்தா, கருநீலக் கூரை முழுக்க வான தேவதை நூட், முதுகோட முதுகு ஒட்டி ரெண்டு உருவமா, இந்த முனையிலேர்ந்து அந்த முனை வரைக்கும் நீண்டு கிடக்குறா. சாயங்காலம் சூரியனை வாயில முழுங்குறா, ராத்திரியெல்லாம் அது அவ உடம்புக்குள்ளயே போகுது, விடியக்காலைல பெத்துடுறா. மஞ்சள்ல வரிசையா சின்னச் சின்ன உருவம், ஒவ்வொண்ணுக்கும் கண்ணு கூட எழுதியிருக்கு. சுவத்துல ஒரு இடத்துல கீறல் மாதிரி இருக்கேன்னு கிட்ட போனா கிரேக்க எழுத்து, ரோமானியர் காலத்துலயே டூர் வந்தவங்க பேரைக் கீறிட்டுப் போயிருக்காங்க. காவலர் ஒருத்தர் டார்ச் அடிச்சுக் காட்டிட்டு கையை நீட்டினார், 50 பவுண்டு குடுத்தேன், சந்தோஷமாத்தான் குடுத்தேன். பத்து நிமிஷம் நின்னிருப்பேன், அதுக்குள்ள கைடு வாசல்ல நின்னு வாட்ச்சைக் காட்டுறார்.

ஹட்ஷெப்சூட் கோயிலுக்கு 40 நிமிஷம். அந்த ராணியோட உருவத்தை பின்னால வந்தவங்க செதுக்கி எடுத்திருக்காங்க, ஆனா வெட்டின தடமே ஆள் வடிவத்துல நிக்குது. மெம்னான்னு சொல்ற ரெண்டு பிரம்மாண்டமான கல் சிலைகளை வண்டியை விட்டு இறங்கி அஞ்சு நிமிஷம் பார்த்தோம்.

போறவங்க தயவுசெஞ்சு லக்சர்லயே ஒரு ராத்திரி தங்குங்க, காலைல கேட் திறக்கும்போதே பள்ளத்தாக்குல இருங்க. நாங்க நவம்பர்ல திரும்பப் போறோம், சேத்திக்கு இப்பவே உண்டியல் வச்சாச்சு.