டாஷண்ட் முதுகு: வலி குறைந்த பிறகு வரும் நான்கு வாரங்கள்

குட்டைக்காலும் நீளமுதுகும் கொண்ட டாஷண்ட் நாயின் முதுகு நோய் பல நேரம் வயிற்று வலி என்ற பெயரில்தான் பரிசோதனை மேசைக்கு வருகிறது. “சரியா சாப்பிடல டாக்டர், தூக்கினா கத்துறான், வயிறு கல்லு மாதிரி இருக்கு” என்பார்கள். வயிறு இறுகியிருப்பது உண்மைதான். முதுகு அசையாமல் இருக்க நாய் தன் வயிற்றுத் தசையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் பூச்சி மாத்திரையும் வாயு மருந்தும் கொடுத்து அனுப்பினால், இரண்டு நாளில் அதே நாய் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வரும். குட்டைக்கால் நீளமுதுகு நாய் வயிற்று வலி என்று வந்தால், முதலில் தோள்பட்டையிலிருந்து வால் வரை முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்தாக வேண்டும். கடைசி விலா எலும்பை ஒட்டிய இடத்தில்தான் பெரும்பாலும் நாய் விறைக்கும், திரும்பிப் பார்க்கும்.

அந்த இடத்துக்குக் காரணம் உண்டு. முன்மார்புப் பகுதியில் விலா எலும்புகளின் தலைகளை இணைக்கும் ஒரு தசைநார், முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் டிஸ்குக்கு மேலே குறுக்காக ஓடிக் காவல் நிற்கிறது. பின்மார்பிலும் இடுப்பின் தொடக்கத்திலும் அந்தக் காவல் இல்லை. டிஸ்க் கெடுவதற்கு 12ஆம் குரோமோசோமில் உள்ள எஃப்ஜிஎஃப்4 மரபணுவின் கூடுதல் நகல் முக்கியக் காரணம் என்று 2017இல் கண்டறிந்தார்கள். ஜெல்லியாக இருக்க வேண்டிய டிஸ்கின் நடுப்பகுதி ஒரு வயதுக்குள்ளாகவே காய்ந்து சுண்ணாம்பு ஏறத் தொடங்குகிறது. 3 முதல் 7 வயதுக்குள் ஏதோ ஒரு நாள் வெளிவளையம் கிழிந்து, காய்ந்த அந்த நடுப்பகுதி தண்டுவடத்தின் மேல் தெறிக்கிறது. சோபாவிலிருந்து குதித்தது கடைசித் தூண்டுதலாக இருக்கலாம், ஆனால் டிஸ்க் அதற்கு வெகு காலம் முன்பே கெட்டுவிட்டது. “நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்” என்று அழும் வீட்டுக்காரர்களுக்கு இதை அவசியம் விளக்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். டைல்ஸ் தரையில் நடக்கும்போது பின்னங்கால் நகம் உரசும் சத்தம் கேட்கிறதா? நகத்தின் மேற்பக்கம் தேய்ந்திருக்கிறதா? நிற்கும்போது பின்பாதத்தை மடக்கி, புறங்கால் தரையில் படும்படி வைத்துப் பாருங்கள். நல்ல நாய் உடனே நிமிர்த்திக்கொள்ளும். தாமதித்தாலோ அப்படியே நின்றாலோ நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. கழுத்து டிஸ்க் என்றால் தலையைத் தாழ்த்தியே வைத்திருக்கும், கிண்ணத்தை நோக்கிக் குனியவே அலறும். சில நொடி வீடியோ எடுத்துவிட்டு அதற்கு மேல் நடக்க விடாதீர்கள். அக்குளைப் பிடித்துத் தூக்காமல் ஒரு கை மார்புக்கு அடியிலும் மறு கை பின்பகுதிக்கு அடியிலும் கொடுத்து, முதுகு தரைக்கு இணையாக இருக்கும்படி தூக்குங்கள்.

கால் முழுதும் செயலிழந்த நாயில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரு சோதனை. கால்விரல் எலும்பை இடுக்கியால் அழுத்துகிறோம். கால் பின்னால் இழுபடுகிறது, வீட்டுக்காரர் முகம் மலர்கிறது. ஆனால் அந்த இழுப்பு தண்டுவடத்தின் அடிப்பகுதி தானாகவே செய்யும் அனிச்சைச் செயல். வலி மூளைக்குப் போனால்தான் நாய் தலையைத் திருப்பும், கத்தும், கடிக்க வரும். பார்க்க வேண்டியது முகத்தை, காலை அல்ல. ஆழ்ந்த வலி உணர்வு இருந்தால் அறுவை சிகிச்சைக்குப் பின் பத்தில் ஒன்பது நாய்கள் மீண்டும் நடக்கின்றன. அது போய்விட்டால் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். அப்படிப்பட்ட நாய்களில் பத்தில் ஒன்றுக்குத் தண்டுவடமே அழுகி, செயலிழப்பு மேல்நோக்கி ஏறும். அதைத் தடுக்க மருந்து இல்லை. வால் துவண்டு, வயிறு தொளதொளத்து, முன்னங்கால் பலம் குறைந்தால் அதுதான். கசப்பான செய்தி என்றாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

படம் எடுப்பதிலும் ஒரு தெளிவு தேவை. சாதாரண எக்ஸ்ரேயில் தண்டுவடம் தெரியாது. சுண்ணாம்பேறிய டிஸ்க் தெரியும், ஆனால் இப்போது அழுத்துவது எது என்று சொல்லாது. அறுவை சிகிச்சைக்கு எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் வேண்டும்.

மருந்தில் நடக்கும் தவறுகள்தான் அதிகம் வருத்துகின்றன. மனிதர்களுக்கான வலி மருந்துகளான டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். களிம்பாகத் தடவினாலும் நக்கி உள்ளே போய்விடும். எண்ணெய் போட்டு நீவுவது, கிழிந்த டிஸ்கிலிருந்து இன்னும் பொருளைப் பிதுக்கும். ஒரு மருத்துவரிடம் ஸ்டீராய்டு ஊசி, மறுநாள் வேறொருவரிடம் மெலாக்சிகாம் என்ற வலி மருந்து என்றால் இரண்டும் சேர்ந்து குடலில் ஓட்டை போடலாம். கறுப்பு மலம், வாந்தி தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். “ஊசி போட்டாங்க, பேர் தெரியல” என்ற நிலை வரக் கூடாது, சீட்டை வாங்கி வையுங்கள். நரம்பு வலிக்கான காபாபென்டினைத் திரவமாக வாங்கினால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அது நாய்க்கு நஞ்சு.

செயலிழந்த நாயின் சிறுநீர் இன்னொரு கண்ணி. படுக்கை நனைந்திருப்பதைப் பார்த்து “யூரின் போறான் சார்” என்பார்கள். பல நேரம் அது நிரம்பி வழிவது. ஒரு நாளைக்கு மூன்று முறையாவது, இரு உள்ளங்கைகளையும் அடிவயிற்றின் இரு பக்கமும் வைத்து, சிறுநீர்ப்பையை உணர்ந்து, மெதுவாக ஒரே சீராக அழுத்தி வெளியேற்ற வேண்டும். வெடுக்கென்று அழுத்தக் கூடாது. அழுத்தியும் வராவிட்டால் விடாப்பிடியாக முயலாமல் மருத்துவரிடம் வாருங்கள். கிளம்பும் முன் வீட்டுக்காரரே எங்கள் முன் செய்து காட்டியாக வேண்டும். வாயால் சொல்லி அனுப்பினால் பாதிப் பேருக்குக் கை வராது.

அறுவை சிகிச்சை தேவைப்படாத, வலியோ லேசான தள்ளாட்டமோ மட்டும் உள்ள நாய்க்குக் கூண்டு ஓய்வுதான் மருந்து. குறைந்தது நான்கு வாரம். எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க மட்டும் இடமுள்ள கூண்டு. ஏறக்குறைய மூன்றடிக்கு இரண்டடி. சிறுநீர் கழிக்க மட்டும் பெல்ட் மாட்டி, கையில் தூக்கிச் சென்று உடனே திரும்ப வேண்டும். இந்த ஓய்வு முறிவது முதல் வாரக் கடைசியில். மாத்திரை வலியை அடக்கிவிடுகிறது, நாய் வாலாட்டுகிறது, கதவைப் பிராண்டுகிறது, பாட்டிக்குப் பாவமாக இருக்கிறது, திறந்து விடுகிறார்கள். கிழிந்த வளையமோ இன்னும் ஆறத் தொடங்கிய நிலையில்தான் இருக்கிறது. அடுத்த குதியலில் மிச்சமிருப்பதும் வெளியே வந்து, தள்ளாடியபடி போன நாய் நடக்காமலே திரும்பி வரும். வலி மருந்தைக் கூண்டு இல்லாமல் கொடுப்பதைவிட, கொடுக்காமல் இருப்பதே மேல் என்று சில மருத்துவர்கள் நினைப்பதுண்டு. அதை நாங்கள் ஏற்பதில்லை. வலியில் துடிக்கும் நாய் கூண்டுக்குள்ளும் ஓய்வெடுக்காது. இரண்டும் சேர்ந்தே கொடுக்கப்பட வேண்டும், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் சம்மதித்த பிறகு.

நான்கு வாரம் முடிந்ததும் ஐந்து நிமிட நடையில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை. வழவழப்பான டைல்ஸ் மேல், நாய் நடக்கும் வழியெங்கும் ரப்பர் விரிப்பு. ஒன்றரை அடி உயர சோபாவுக்கு ஐந்தடி நீளச் சாய்பலகை, மேலே தேங்காய்நார் மிதியடி ஒட்டி. விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படும் அளவில் எடை. கூண்டு ஓய்வில் தேறிய நாய்களில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை மீண்டும் இதே நோயுடன் வருகின்றன என்பதால் கூண்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம். முதுகு விழுந்த நாயைக் குட்டிக்கு விடவும் வேண்டாம். புதுக் குட்டி வாங்குகிறவர்கள் தாய் தந்தையின் முதுகைப் பற்றிக் கேளுங்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் 2 முதல் 4 வயதுக்குள் எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பேறிய டிஸ்க்குகளை எண்ணிப் பார்த்தே இனவிருத்திக்கு விடும் வழக்கம் உண்டு. நம் ஊரில் அந்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு. கேட்பவர்கள் கூடினால் விற்பவர்களும் எடுக்கத் தொடங்குவார்கள்.